சின்ன பாப்டிஸ்ட் சபையின் போதகர் குடும்பம்: காணிக்கையா, வெளி ஆதரவா, கைத்தொழிலா?

ஒரு பாப்டிஸ்ட் சபை புதிய போதகரை அழைப்பதற்கு முன் அவருடைய பிரசங்கத்தைச் சில ஞாயிறுகள் கேட்கும். உபதேசம் சரியா, சாட்சி நல்லதா, குடும்பம் எப்படி என்றெல்லாம் விசாரிக்கும். ஆனால் அந்தக் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும், அவருக்கு நெஞ்சுவலி வந்தால் யார் பணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவார், அறுபது வயதுக்குப் பிறகு எங்கே குடியிருப்பார் என்ற பேச்சு பெரும்பாலும் வருவதே இல்லை. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று ஜெபித்து முடித்துவிடுகிறோம். ஒரு சின்ன சபையில் கணக்கு எழுதுகிற உதவிக்காரன் (டீக்கன்) நான். கர்த்தர் நம் கையைக் கொண்டுதான் பார்த்துக்கொள்கிறார் என்று நம்புகிறவன். அதனால் இந்தப் பேச்சை அழைப்புக்கு முன்பே பேசிவிட வேண்டும் என்று சொல்கிறேன்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆயருக்கு இந்தக் கவலை குறைவு. பேராயம் சம்பளம் தரும், மாற்றல் தரும், குருமனை தரும், ஓய்வுக்குப் பிறகும் ஓர் ஏற்பாடு இருக்கும். பாப்டிஸ்ட் சபைக்குப் பேராயரும் இல்லை, மேலிடமும் இல்லை. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளுகிறது. போதகரை அழைப்பதும் அனுப்புவதும் சபைக் கூட்டத்தின் வாக்குதான். இந்தச் சுதந்திரத்தை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் மேலிடம் இல்லை என்றால் மேலிடம் செய்கிற வேலையும் நம் தலையில்தான் விழுகிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இங்கே வராது. பி.எஃப். கட்டாயம் ஆவதற்கு ஓரிடத்தில் 20 பேராவது வேலை பார்க்க வேண்டும், இ.எஸ்.ஐ.க்கு 10 பேர். நம் சபையில் சம்பளம் வாங்குகிறவர் ஒருவர், அவரும் முழுச் சம்பளம் வாங்குவதில்லை.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன: முழுநேர ஊழியம் செய்து சபையின் காணிக்கையில் வாழ்வது, வெளியிலிருந்து வரும் ஆதரவில் வாழ்வது, வேறு வேலை பார்த்துக்கொண்டே சபையை நடத்துவது.

காணிக்கையில் வாழ்வது

சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலேயே பிழைப்பு உண்டாக வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரம் சொல்கிறது. முழுநேர ஊழியத்துக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. முழுநேரப் போதகர் இருக்கிற சபையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். காலையில் படிக்க நேரம் இருக்கும். பகலில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவார். நடுராத்திரியில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் விடிவதற்குள் அங்கே நிற்பார்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு முப்பது குடும்பங்கள் உள்ள சபை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் குடும்பங்கள் ஒழுங்காகத் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்கின்றன, அவர்களுடைய மாத வருமானம் சராசரி 15,000 ரூபாய். அப்படியானால் 22,500 வரும். மற்றவர்கள் பையில் போடுவது 5,000 என்றால் மொத்தம் 27,500. மண்டப வாடகை 6,000, கரண்டும் மைக்செட்டும் 2,000, விதவைகளுக்கும் கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கும் 2,500. மீதி 17,000. போதகர் வீட்டில் நாலு பேர். வீட்டு வாடகை 6,000, மளிகையும் காய்கறியும் 7,000, பெட்ரோல் 2,500, பள்ளிக்கூடத்துக்கு 3,000. கூட்டினால் 18,500. யாருக்கும் காய்ச்சல்கூட வராத மாதத்திலேயே 1,500 துண்டு விழுகிறது. ஜூன் மாதம் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

பணம் குறைவது மட்டுமே பிரச்சினை என்றால் சமாளித்துவிடலாம். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அந்த 27,500இல் இரண்டு குடும்பங்கள் மட்டும் ஆறாயிரம் ஏழாயிரம் கொடுத்தால், அந்த இரண்டு வீட்டுக்காரர்களையும் கண்டிக்க வேண்டிய நாளில் போதகர் என்ன செய்வார்? நல்ல மனிதர்களே அந்த இடத்தில் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். பிரசங்கத்தில் ஒரு வரி மெதுவாகிறது, ஒரு ஒழுங்கு நடவடிக்கை தள்ளிப்போகிறது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். இதனால்தான் காணிக்கை நேரடியாகப் போதகர் கைக்குப் போகிற பழக்கத்தை நான் எதிர்க்கிறேன். எல்லாம் சபைக் கணக்குக்கு வர வேண்டும், அங்கிருந்து தீர்மானித்த ஒரே தொகை மாதாமாதம் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வங்கிக் கணக்கில் மாதாமாதம் பணம் ஏறி, வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்திருந்தால், சம்பளச் சீட்டு இல்லாத மனிதருக்கும் கடன் கேட்க ஒரு காகிதம் இருக்கும்.

வெளி ஆதரவு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வெளிநாட்டு நண்பர்களோ மிஷனோ மாதம் இவ்வளவு அனுப்புகிறார்கள் என்றால் முதலில் கேட்க வேண்டியது, எந்த வழியாக வருகிறது என்பதுதான். உறவினர் அல்லாத வெளிநாட்டவர் ஊழியத்துக்கென்று அனுப்பும் பணத்தைப் போதகர் தன் சொந்தக் கணக்கில் வாங்குவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி தப்பு. அந்தச் சட்டத்தில் பதிவோ முன்அனுமதியோ பெற்றிருந்தால் மட்டுமே வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் புது டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும். அப்படி வாங்கியதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. முன்பு பெரிய டிரஸ்ட் வாங்கிச் சின்ன சபைகளுக்குப் பிரித்துக் கொடுத்த வழி இப்போது அடைபட்டுவிட்டது.

உள்நாட்டு ஆதரவு இந்தச் சிக்கல் இல்லாதது. சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள ஒரு பெரிய சபை மூன்று வருஷத்துக்குத் தாங்குகிறேன் என்று சொன்னால் தாராளமாக வாங்கலாம். ஆனால் முடிவு தேதி போட்டு வாங்குங்கள், வருஷாவருஷம் குறைந்துகொண்டே போகிற தொகையாக வாங்குங்கள். ஆதரவு வருகிற சபையில் விசுவாசிகளின் கை இயல்பாகவே சுருங்கிவிடுகிறது. நின்றுபோகிற நாளில் போதகர் குடும்பம்தான் நடுத்தெருவில் நிற்கும்.

கைத்தொழில்

பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவோடு கூடாரம் செய்தார். நம் பாப்டிஸ்ட் முன்னோர்களிடமும் இது புதிதல்ல. வில்லியம் கேரி 1780களில் இங்கிலாந்தின் மோல்டன் கிராமத்தில் போதகராக இருந்தபோது சபை கொடுத்தது போதாமல் பள்ளிக்கூடம் நடத்தினார், செருப்புத் தைத்தார். 1793இல் வங்காளம் வந்த பிறகு அவுரித் தொழிற்சாலையில் மேலாளராக வேலை பார்த்தார். 1801 முதல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மொழி ஆசிரியராக இருந்தார். அந்தச் சம்பளத்தை செராம்பூர் மிஷனின் பொது நிதியில் போட்டுவிட்டார். அவர் ஊழியத்தை அரைகுறையாகச் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது. நமக்குப் பக்கத்தில் கொல்லிமலையில் ஊழியம் செய்த பாப்டிஸ்ட் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டுக்கு மிஷன் ஆதரவு இருந்தது. ஆனாலும் அவர் வைத்தியமும் தச்சு வேலையும் கையில் வைத்துக்கொண்டுதான் மலை ஜனங்களுக்குள் வாழ்ந்தார்.

இன்றைக்கு எந்த வேலை ஒத்துவரும்? தனியார் பள்ளி ஆசிரியர் வேலை நன்றாகப் பொருந்துகிறது. ஞாயிறு விடுமுறை நிச்சயம், மாலை நேரம் கையில் இருக்கும், பேசுகிற பழக்கமும் உதவும். டியூஷன், டி.டி.பி. கடை, தையல், எலக்ட்ரிக்கல் வேலை, கொஞ்சம் நிலம் இருந்தால் விவசாயமும் மாடும், இவையெல்லாம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் போடுகிற கம்பெனி வேலை ஒத்துவராது. அரசு வேலையில் இருப்பவர் அனுமதி இல்லாமல் இன்னோர் இடத்தில் சம்பளம் வாங்க நடத்தை விதிகள் இடம் கொடுப்பதில்லை. அவர் பிரசங்கிக்கலாம், சபை சம்பளம் வாங்குவதற்கு முன் விதியைப் பார்க்க வேண்டும்.

இரண்டு தொழிலை மட்டும் போதகர் தொடவே கூடாது என்று அழுத்திச் சொல்வேன். ஒன்று, விசுவாசிகளுக்கே பாலிசி விற்கிற ஏஜென்ட் வேலையும் சங்கிலி வியாபாரமும். ஆள் சேர்க்கிற மருந்து டப்பாவைப் போதகர் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் வாங்குவார்கள், அப்புறம் ஆராதனைக்கு வருவதை நிறுத்துவார்கள். இன்னொன்று, சீட்டு நடத்துவதும் சபைக்குள் வட்டிக்குக் கொடுத்து வாங்குவதும். ஒரு சீட்டு உடைந்தால் சபையும் கூடவே உடையும்.

கைத்தொழிலின் கஷ்டம் நேரம். ஐந்தரை நாள் வேலை, புதன்கிழமை ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், சனிக்கிழமை ராத்திரி பிரசங்கத் தயாரிப்பு, ஞாயிறு காலை ஆராதனை, மாலை வீட்டுக்கூட்டம். இதில் அவர் மனைவியோடும் பிள்ளைகளோடும் உட்காருவது எப்போது? சபை வேலையில் ஒரு பங்கை மற்றவர்கள் எடுக்காவிட்டால் இந்த வழி ஐந்து வருஷத்தில் மனிதரைத் தின்றுவிடும். வீட்டுச் சந்திப்பை உதவிக்காரர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு வேறொரு சகோதரர் பிரசங்கிக்க வேண்டும். எல்லா விசுவாசிகளும் ஆசாரியர்கள் என்று போதிக்கிற சபைக்கு இது பாரமாக இருக்கக் கூடாது.

என் முடிவு இதுதான்: ஐம்பது குடும்பங்களுக்குக் கீழே உள்ள சபைக்குக் கைத்தொழிலும் சபையின் நிலையான தொகையும் சேர்ந்த வழியே நல்லது. மேலே சொன்ன உதாரணச் சபை முழுநேரப் போதகருக்கு 17,000 கொடுத்து அவரைக் கடனாளியாக்குவதற்குப் பதில், வேலை பார்க்கிற போதகருக்கு 9,000 கொடுத்து, இன்னும் 4,000ஐ அவருடைய மருத்துவத்துக்கும் முதுமைக்கும் கட்டலாம். மீதியைச் சேர்த்து வைக்கலாம். ஐம்பது அறுபது குடும்பம் தாண்டி, குடும்பச் செலவும் மருத்துவமும் ஓய்வுக்கால சேமிப்பும் சேர்த்து ஒரு வருஷம் தொடர்ந்து கொடுக்க முடிகிறது என்று கணக்கு காட்டினால், அப்போது முழுநேரத்துக்கு அழையுங்கள்.

உடம்பு

சந்திப்புக்குப் போகிற வீட்டில் எல்லாம் டீ வரும். வேண்டாம் என்றால் மனம் நோகும். ஒரு மாலையில் ஐந்து வீடு என்றால் சர்க்கரை போட்ட ஐந்து டீ, கூடவே மிக்சர். ஞாயிறு மதியம் யாராவது ஒரு வீட்டில் பிரியாணி. இரவுக் கூட்டம் முடிந்து பத்தரை மணிக்குச் சாப்பாடு. நடை குறைவு, பைக் அதிகம். நாற்பது வயதில் சர்க்கரையும் பிரஷரும் வருவதில் ஆச்சரியம் என்ன? தொண்டையும் அப்படித்தான். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். மைக்கை வைத்துக்கொண்டே கத்துவதை நிறுத்த வேண்டும்.

உபவாசத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர் சாப்பிடாமல் அதை மட்டும் எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். அதற்குப் பயந்து மாத்திரையை விட்டால் ஏறிவிடும். டாக்டரிடம் வெள்ளிக்கிழமை உபவாசம் என்று வெளிப்படையாகச் சொல்லி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது வேறு வகையில் உபவாசியுங்கள். மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்று போதகரிடமே வந்து சொல்கிற ஆட்கள் உண்டு. அந்தப் பேச்சுக்குச் செவிகொடுக்க வேண்டாம்.

மனச்சோர்வும் உடம்பைச் சேர்ந்ததுதான். லண்டனின் பெரிய பாப்டிஸ்ட் பிரசங்கி ஸ்பர்ஜன் கீல்வாதத்தாலும் கடுமையான மனச்சோர்வாலும் வருஷக்கணக்கில் அவதிப்பட்டார், 1892இல் 57 வயதில் இறந்தார். அவருக்கு உதவிப் போதகராகச் சொந்தத் தம்பியே இருந்தார். குளிர்காலத்தில் பிரான்சின் தென்கரைக்குப் போய் ஓய்வெடுக்கச் சபை விட்டது. நம் போதகருக்கு வாரத்தில் ஒரு திங்கட்கிழமையாவது போனை அணைத்துவைக்கச் சபை அனுமதி கொடுக்கிறதா?

செலவுக்கு இரண்டு வழிகளை ஒப்பிடுவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை, பிரீமியம் கிடையாது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரத்துக்குள் வாழ்கிற போதகர் வருமானச் சான்று வாங்கி உடனே இதில் சேர்ந்துவிட வேண்டும். கைத்தொழில் செய்கிறவர் அந்த எல்லையைத் தாண்டிவிடுவார். அவருக்குத் தனியார் குடும்பக் காப்பீடுதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லாதது ஒரு நல்ல செய்தி. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம் என்பதால், சர்க்கரை வந்த பிறகு ஓடுவதைவிட முப்பது வயதில் எடுப்பது நல்லது. இருக்கிற நோயை மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படும். இரண்டு வழியிலும் தினசரி மாத்திரைச் செலவு பெரும்பாலும் அடங்காது. அதற்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்குவதில் வெட்கம் வேண்டாம்.

சபையே ஒரு மருத்துவ நிதி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். மாத்திரைக்கும் ஸ்கேனுக்கும் சரி, ஒரு பைபாஸுக்குத் தாங்காது. அந்தப் பணத்தைப் பிரீமியமாகக் கட்டிவிடுவது மேல்.

முதுமையும் வீடும்

அடல் பென்ஷன் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை சேரலாம். 60 வயதிலிருந்து மாதம் 5,000 வேண்டுமென்றால் 30 வயதில் சேருகிறவர் மாதம் 577 ரூபாய் கட்ட வேண்டும், 25 வயதில் 376. முப்பது வயதுப் போதகரும் இருபத்தைந்து வயது மனைவியும் சேர்ந்தால் மாதம் 953 ரூபாய்தான். நாற்பது வயதில் சேர்ந்தால் ஒருவருக்கே 1,454 ஆகிவிடும். வருமான வரி கட்டுகிறவர் 2022 அக்டோபர் முதல் இதில் சேர முடியாது. முப்பது வருஷம் கழித்து ஐந்தாயிரத்தின் மதிப்பு மிகவும் குறைந்திருக்கும், ஆகவே இது மட்டும் போதாது. கூடவே பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) வேண்டும். 15 வருஷம், ஆண்டுக்கு 500 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு கட்டலாம். காணிக்கை ஏறி இறங்குகிற வீட்டுக்கு இது பொருத்தம். ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடு, 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு தருகிற மத்திய அரசுத் திட்டங்களை வங்கியிலேயே போட்டுவிடலாம். உபதேசியார்களுக்கும் தேவாலயப் பணியாளர்களுக்கும் தமிழ்நாடு அரசு அமைத்திருக்கிற நல வாரியத்தைப் பற்றி மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

மனைவி பேரில் தனிக் கணக்கு அவசியம் வேண்டும். ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்தபோது மகன் பால் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய மருத்துவர் அவர்தான். அந்த விதவைக்குப் பின்னால் ஒரு மிஷன் இருந்தது. நம் பாஸ்டரம்மாவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

வீட்டு விஷயத்திலும் இரண்டு வழி. சபைக்குச் சொந்தமான போதகர் வீட்டில் குடியிருந்தால் வாடகை மிச்சம், ஆனால் ஊழியம் முடிகிற நாளில் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். வாடகைப் படி வாங்கினால் தன் இஷ்டப்படி இருக்கலாம், ஆனால் கையில் எதுவும் மிஞ்சாது. சபை வீடு இருந்தால் அதில் குடிவையுங்கள், மிச்சமாகிற வாடகையில் பாதியையாவது மாதாமாதம் அவருடைய பி.பி.எஃப். கணக்கில் சபையே போடட்டும். நிலமும் கட்டடமும் போதகர் பெயரில் இருக்கவே கூடாது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழோ டிரஸ்ட் பத்திரத்தின் கீழோ சபையின் பெயரில் இருக்கட்டும். அவருக்கு அது பாதுகாப்பு, சபைக்கும் பாதுகாப்பு.

இவை எல்லாவற்றையும் அழைப்புக் கடிதத்தில் எழுதிவிடுங்கள்: மாதத் தொகை, அது வங்கியில் ஏறுகிற தேதி, காப்பீட்டுப் பிரீமியம் யார் கட்டுவது, மனைவி பேரில் எவ்வளவு சேமிப்பு, வாராந்தர ஓய்வு நாள், வருஷத்தில் எத்தனை ஞாயிறு விடுமுறை, போதகர் இறந்தால் குடும்பம் எத்தனை மாதம் அந்த வீட்டில் இருக்கலாம். ஆறு மாதத்துக்குக் குறைத்து எழுத வேண்டாம். ஏப்ரல் சபைக் கூட்டத்தில் தொகையைத் திரும்பப் பார்க்கும்போது போதகர் அறையில் இருக்கக் கூடாது. அதற்கு முந்தின வாரமே உதவிக்காரர் ஒருவர் தன் மனைவியோடு அவர் வீட்டுக்குப் போய், மளிகைக் கடையில் பாக்கி எவ்வளவு இருக்கிறது என்பது வரைக்கும் பாஸ்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு வரட்டும்.